ஊற்றாமல் ஏறிய ஒயில்

2 பெப்ரவரி, வெள்ளி

காலையில் காரின் ஒயில் பார்த்தேன். அளவு பார்க்கிற கம்பியில் மேற்கோட்டையும் தாண்டி ஒரு விரல் அகலம் நிற்கிறது. தீபாவளிக்குப் பிறகு ஒரு துளிகூட ஊற்றவில்லை. அறுபத்தேழாம் ஆண்டுப் பீட்டில் கார் இது. தண்ணீர் இல்லாமல் காற்றில் குளிர்கிற எஞ்சின், அதுவும் பின்பக்கம். இந்த வயதில் ஒயில் குடிக்காத கார் யாழ்ப்பாணத்தில் வேறு எத்தனை இருக்கும்? மனைவி தயாபரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஊத்தாத ஒயில் எப்பிடியப்பா ஏறும்?"

"சூட்டுக்கு விரியும்."

"ராத்திரி முழுக்கக் குளிருக்குள்ள நிண்ட காருக்கு என்ன சூடு?"

கம்பியைத் துடைத்துத் திரும்பச் செருகினேன். அவள் விடவில்லை. "காருக்குள்ள பெற்றோல் மணக்குது. பொங்கலுக்கு முதல் தொடங்கிச் சொல்லுறன்."

பழைய கார் என்றால் மணக்கத்தான் செய்யும் என்றேன். உள்ளே போய் மல்லிக்கோப்பி போட்டுக்கொண்டு வந்தாள். மல்லி வாசம் தூக்கலாக இருக்கிறது என்று சொல்லிக் குடித்தேன்.

உண்மையை ஓரிடத்திலாவது எழுதிவைக்க வேண்டும். எனக்கு எதுவும் மணப்பதில்லை. போன வருடம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்தது, கார்த்திகையில் வந்த காய்ச்சலோடு முற்றாகப் போய்விட்டது. அண்ணனுக்கும் முதலில் போனது மூக்குத்தான். ரசத்தில் ஒரு வாசமும் இல்லை என்று அண்ணியோடு சண்டை பிடிப்பார். இரண்டு வருடம் கழித்துக் கை நடுங்கத் தொடங்கியது. நடுக்கவாதம் சிலருக்கு மூக்கில்தான் தொடங்கும் என்று அவருடைய டொக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். கடைசிக் காலத்தில் அண்ணனின் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டது நான்.

எழுதிவிட்டேன். இனி இதைப்பற்றி எழுதப் போவதில்லை.

4 பெப்ரவரி, ஞாயிறு

திருநெல்வேலிச் சந்தைக்குப் போனோம். தயா வழி முழுவதும் தலையைக் கண்ணாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தாள். வாழைக்காய் விற்கிற மனிசி அவளைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, கார் ஓடினாச் சத்தி, வாந்தி வருமோ?" என்று கேட்டாள்.

"கார் ஓடினா வராது. இந்தக் கார் ஓடினா வரும்," என்றாள் தயா.

திரும்பும்போது எஞ்சின் உடனே பிடிக்கவில்லை. பலதடவை முயன்ற பிறகுதான் கறுப்புப் புகையோடு பிடித்தது. வெயிலில் நின்றதால் இருக்கும்.

பின்னேரம் தையல் பெட்டியை எடுத்து ஊசியில் நூல் கோத்தேன். முதல் தடவையே போய்விட்டது. இன்னொரு ஊசி எடுத்தேன். அதுவும் போனது.

"ஆர் உங்களை நூல் கோக்கச் சொன்னது?" என்று தயா கேட்டாள்.

"சும்மாதான்."

"சும்மா ஆரும் ஊசி கோப்பினமோ?"

5 பெப்ரவரி, திங்கள்

கை நன்றாக இருக்கிறது.

7 பெப்ரவரி, புதன்

மல்லிக்கோப்பி. நன்றாக இருக்கிறது என்றேன். நான் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறேனாம், குறட்டை வேறு அதிகமாம். வயது போகிறது, வேறென்ன.

முப்பது வருடம் நில அளவைத் திணைக்களத்தில் வேலை செய்தவன் நான். கருவியின் சின்னத் திருகைத் தொட்டு ஒரு மயிரிழை அசைக்கப் பழகிய கை இது. இன்று பேனையைப் பிடித்து ஒரே அளவில் வட்டங்கள் வரைந்து பார்த்தேன். அண்ணனின் எழுத்து கடைசியில் எறும்பு ஊர்ந்த மாதிரிச் சிறுத்துப் போனது. என் வட்டங்கள் சிறுக்கவில்லை.

9 பெப்ரவரி, வெள்ளி

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலையில் தயா சாம்பிராணித் தட்டோடு வீடு முழுவதும் சுற்றுவாள். சாமி அறை, குசினி, கிணற்றடி, கடைசியில் கார்க் கொட்டகை. கார் வாங்கிய நாளிலிருந்து அதற்கும் புகை காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். பின் மூடியைத் திறந்துவைத்தால் எஞ்சினுக்கும் ஒரு சுற்றுக் காட்டுவாள். இன்று மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது நான்தான்.

தட்டில் தணல் நன்றாகச் சிவந்திருந்தது. கொட்டகை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

"இஞ்சருங்கோ, நான் உள்ள வரேல்லை. பெற்றோல் மணக்குது."

"அது எப்பவும் மணக்கிறதுதானே. வாரும், புகை அடங்கப் போகுது."

"இது எப்பவும் போல இல்லை. எனக்குக் கண் எரியுது. உங்களுக்கு ஒண்டும் தெரியேல்லையோ?"

"ஒண்டும் இல்லை. கொண்டு வாரும் எண்டுறன்."

அவள் திரும்பிக் கிணற்றடிக்குப் போனாள். வாளித் தண்ணீரைத் தணலில் ஊற்றும் சத்தம் கேட்டது. சாம்பிராணித் தணலை அவள் தண்ணீர் ஊற்றி அணைத்து நான் கண்டதில்லை. பிறகு ரோச் லைட்டோடு வந்து எஞ்சினுக்குள் வெளிச்சம் அடித்தாள். தீப்பொறி பங்கிடுகிற டிஸ்ரிபியூட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற பெற்றோல் பம்பின் அடியில் ஒரு துளி தொங்கியது, விழுந்தது, அடுத்தது திரண்டது. கீழே சீமெந்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஈரம். நான் செருப்போடு அதற்குள்தான் நின்றிருக்கிறேன். விரலால் தொட்டேன். குளிர்ந்தது. அப்போதுதான் நம்பினேன்.

தயா ஒயில் கம்பியை உருவி என் மூக்கடியில் பிடித்தாள்.

"இது என்ன மணக்குது?"

"ஒயில்."

அவள் கம்பியைத் தன் மூக்கடிக்குக் கொண்டுபோய், "பெற்றோல்," என்றாள். பிறகு சொன்னாள். "ஒரு கிழமையா நான் உங்களுக்குத் தந்தது மல்லிக்கோப்பி இல்லை. மல்லி போடாத வெறுங்கோப்பி. மல்லி வாசம் தூக்கல் எண்டு சொல்லிச் சொல்லிக் குடிச்சனீங்கள்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"பெரியத்தான் மாதிரி, உங்கட அண்ணை மாதிரி எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறியள், என்ன? ஊசி கோக்கிறதும் வட்டம் கீறுறதும் எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியளோ?"

ரோச் வெளிச்சத்தில் என் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். தயா அந்தக் கையைப் பிடித்தாள்.

"இது பயத்தில நடுங்குறது. தணலோட உள்ள வந்திருந்தா என்ன நடந்திருக்கும் எண்ட பயம். என்ர கையையும் பாருங்கோ."

அவள் கை என்னுடையதைவிட மோசமாக நடுங்கியது.

10 பெப்ரவரி, சனி

தயாவின் உத்தரவு: முதலில் டொக்டர், பிறகு கார். ஒழுகுகிற காரை அப்படியே விட முடியாது என்று வாதாடினேன். இரண்டும் ஒன்றாக நடக்கட்டும் என்று முடிவானது. யாழ்ப்பாணம் ரவுணில் காது மூக்கு தொண்டைக்குப் பார்க்கிற டொக்டரிடம் இருபதாம் தேதிக்குத்தான் இடம் கிடைத்தது.

காரைக் கொட்டகையிலிருந்து முற்றத்துக்குத் தள்ளினோம். பற்றரியைக் கழற்றினேன். பெற்றோல் ராங்கி முன்னால், பம்பைவிட உயரத்தில் இருப்பதால், குழாயைக் கழற்றிய கையோடு அதற்குள் ஒரு பென்சில் துண்டைச் செருகி அடைத்தேன். இரண்டு நட்டுத்தான். பழைய பம் கையோடு வந்தது. திறந்து பார்த்தேன். உள்ளே பெற்றோலை உறிஞ்சித் தள்ளுகிற ரப்பர்த் தகடு ஓரத்தில் கிழிந்திருக்கிறது. பெற்றோல் ஒரு பங்கு வெளியே சொட்டியிருக்கிறது, மறுபங்கு உள்ளே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலந்திருக்கிறது. ஒயில் ஏறிய காரணம் இதுதான். நான் அதை ஊருக்கெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

ஒயிலை அளவு குறித்த தகரக் கானில் இறக்கினேன். இரண்டரை லீற்றர் பிடிக்கிற எஞ்சினிலிருந்து மூன்று லீற்றருக்கு மேல் வந்தது, தேநீர் போலத் தண்ணியாக. தயா குனிந்து மணந்துவிட்டு முகத்தைத் திருப்பினாள்.

"இதை ஒயிலெண்டு ஆரும் சொல்லேலாது. விளக்குக்கு விடலாம்."

இன்று முழுவதும் நான் கேட்க, அவள் மணந்து சொன்னாள். குழாய் முனை? மணக்குது. காபரேற்றர் பக்கம்? இல்லை. ராங்கியடி? இல்லை. அவளுக்கு இந்த வேலை பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒருதடவை என் சட்டையையும் மணந்து, "இது தோய்க்க வேணும்," என்றாள்.

11 பெப்ரவரி, ஞாயிறு

தயாவின் தம்பி குகதாசன் கொழும்பில் இருக்கிறான். புதுப் பம் வாங்கி அனுப்பச் சொல்லி அவனுக்குப் போன் எடுத்தோம். எடுத்ததும் முதல் கேள்வி:

"என்ன அத்தான், உங்கட மூக்கு லீவில போட்டுதாமே?"

தயாவைப் பார்த்தேன். அவள் வெங்காயம் உரிப்பதில் மும்முரமாக இருந்தாள்.

"அக்கா வெறுங்கோப்பி தந்தே பிடிச்சவா. பொலிசில சேத்திருந்தா இப்ப பெரிய உத்தியோகத்தில இருந்திருப்பா."

"பம்மை அனுப்படா முதல்."

"அனுப்புறன். ஒண்டும் யோசியாதேங்கோ அத்தான்." கடைசி வரியை வேறு குரலில் சொன்னான்.

14 பெப்ரவரி, புதன்

பம் பஸ் பார்சலில் வந்தது. புத்தம்புதிது, கையில் எடுக்கவே ஆசையாக இருந்தது. அடியில் புது வாசர்த் தகடு வைத்து, நட்டுக்களை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். நட்டு ஒன்றும் கையிலிருந்து விழவில்லை.

பெற்றோல் குழாயைப் பூட்டுவதற்கு முன் எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது என் வழக்கம். டைனமோவின் நட்டில் ஸ்பனரைப் போட்டுச் சுற்றினேன். ஓரிடத்தில் இறுகியது. எஞ்சினுக்குள் காற்று அமுங்கும்போது வருகிற இறுக்கம் பந்தை அமுக்குவது போல இருக்கும், விட்டால் திரும்பித் தள்ளும். இது கல்லில் முட்டியது போல நின்றது. கையை எடுத்துவிட்டேன்.

"ஏன் நிப்பாட்டினீங்கள்?"

"பிழை."

"எப்பிடித் தெரியும்?"

"கைக்குத் தெரிஞ்சுது."

கழற்றி, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியதன் அடிப்பாகம் உயரம் குறைந்த கட்டை. எஞ்சினுக்குள் ஒரு கம்பி மேலும் கீழும் போய்வந்து பம்பின் நெம்புகோலைத் தள்ளும். என் காரின் கம்பி பழைய உயரமான பம்புக்கு ஏற்ற நீளம். இது பின்னால் வந்த பீட்டில்களுக்குச் செய்த பம். அதற்குக் கம்பி எட்டு மில்லிமீற்றர் கட்டையாக இருக்க வேண்டும். இதே கம்பியோடு ஸ்ராட் பண்ணியிருந்தால் முதல் நிமிடத்திலேயே நெம்பு முறிந்திருக்கும்.

குகதாசனுக்குப் போன் எடுத்தேன்.

"பீட்டில் பம் எண்டுதானே அத்தான் கேட்டனீங்கள்?"

"எந்த வருசத்துப் பீட்டில் எண்டு கடையில கேக்கேல்லையோ?"

"கேட்டவை. பழசு எண்டு சொன்னனான்."

"எல்லாப் பீட்டிலும் பழசுதானேடா!"

அந்தப் பக்கம் சிரிப்பு. "சரி சரி, கத்தாதேங்கோ. கட்டைக் கம்பிதானே? தேடிப் பிடிச்சு அனுப்புறன்."

இருக்கிற கம்பியையே அறுத்துக் கட்டையாக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. அதன் நுனிகள் தேயாமலிருக்க உரமேற்றியவை. அறுத்தால் உள்ளே இருக்கிற மென்மையான இரும்புதான் மிஞ்சும், சில மாதத்தில் தேய்ந்துவிடும். காத்திருப்போம். நானும் ஒன்றுக்காகக் காத்திருப்பவன்தானே.

18 பெப்ரவரி, ஞாயிறு

கம்பி இன்னும் வரவில்லை. தயா வாசலில் கோலம் போட்டாள். நான் சும்மா இருந்தேன். இன்று வட்டம் வரையவில்லை.

19 பெப்ரவரி, திங்கள்

சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்ததைத் தயா கண்டுவிட்டாள். இஸ்திரி போட்ட சட்டை ஒன்றை நாளைக்கென்று கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள்.

20 பெப்ரவரி, செவ்வாய்

கார் இல்லாததால் ஓட்டோவில் போனோம். டொக்டர் இளம் பெண், வடமராட்சிப் பக்கம் ஊர். எப்போதிருந்து, எப்படி என்று கேட்டார். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அண்ணன் கதையைத் தொடங்கி, சட்டைப் பொத்தானில் நிறுத்திவிட்டேன். தயாதான் சொல்லி முடித்தாள்.

டொக்டர் கைகளை நீட்டச் சொன்னார். விரல்களைத் தட்டச் சொன்னார். எழுந்து கதவுவரை நடந்து திரும்பச் சொன்னார். ஒரு தாளில் பெயரை எழுதச் சொன்னார். பிறகு நுனியில் வெளிச்சமுள்ள மெல்லிய குழாயை மூக்குக்குள் விட்டுப் பார்த்தார், ஒரு பக்கம், பிறகு மற்றப் பக்கம். அந்த நேரம் முழுவதும் தயா என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"ஐயா, நீங்கள் மூக்காலயே மூச்சு விடுறனீங்கள்?"

"ஓம்."

"இல்லை டொக்டர்," என்றாள் தயா. "வாயாலதான். குறட்டையில ஓடு பறக்கும்."

டொக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். உள்ளே இரண்டு பக்கமும் உரித்த திராட்சைப் பழம் போல வெளிறிய சதை, ஒன்றின்மேல் ஒன்றாக.

"ரெண்டு பக்கமும் சதை வளந்து அடைச்சிருக்கு. மணம் பிடிக்கிற இடம் மேல இருக்கு. அங்க காத்தே போகேல்லை. போகாட்டில் எப்பிடி மணக்கும்?"

"அப்ப நடுக்கவாதம்…"

"அதுக்கான அடையாளம் ஒண்டும் நான் காணேல்லை. கை நல்லாயிருக்கு, நடை நல்லாயிருக்கு, எழுத்து என்ர எழுத்தை விட நல்லாயிருக்கு. ஒரு ஸ்கானும் எடுப்பம், உங்கட மனத் திருப்திக்கு இல்லை, சதை எவ்வளவு தூரம் போயிருக்கெண்டு பாக்க. இப்ப விழுங்கக் குளிசையும் மூக்குக்கு அடிக்கிற மருந்தும் தாறன். அநேகமாச் சுருங்கும். சுருங்காட்டில் எடுத்துவிடலாம். மணம் திரும்பி வர நல்ல சந்தர்ப்பம் இருக்கு."

தயா கேட்டாள்: "மூளையில ஒண்டும் பிழை இல்லையோ டொக்டர்?"

"மூக்கை மட்டும்தான் நான் பாத்தனான். மூளையைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேணும், கனகாலம் கூட இருக்கிறீங்கள்."

"அதில கொஞ்சம் பிழை இருக்கு," என்றாள் தயா. "இல்லாட்டில் கார்த்திகையிலயே இஞ்ச வந்திருப்பார்."

வெளியே வந்து அங்கே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தோம். எனக்கு எழும்ப மனம் வரவில்லை. ஆட்கள் போனார்கள், வந்தார்கள். எதிர்க் கடையில் ஆளுக்கு இரண்டு வடை சாப்பிட்டோம். எனக்கு அது உப்பும் உறைப்பும் மட்டும்தான். ஆனாலும் இன்னும் இரண்டு வாங்கினேன். தயா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். உறைப்பு என்றாள்.

22 பெப்ரவரி, வியாழன்

கட்டைக் கம்பி வந்தது. பம்பைப் பூட்டினேன். முதலில் கம்பி வெளியே நீட்டும் அளவைப் பார்த்தேன், பிறகு கையால் முழுச் சுற்று. எங்கேயும் முட்டவில்லை. புது ஒயில் இரண்டரை லீற்றர். குழாயைப் பூட்டியதும் தயா வந்து குனிந்து மணந்தாள்.

"இல்லை," என்றாள். இரண்டாம் தடவையும் மணந்துவிட்டு, "இல்லையெண்டா இல்லை. ஸ்ராட் பண்ணுங்கோ," என்றாள்.

காபரேற்றருக்குப் பெற்றோல் ஏறும்வரை கொஞ்சம் சுற்றியது. பிறகு பிடித்தது. அந்தத் தையல் மெசின் சத்தம் முற்றம் முழுக்க நிறைந்தது. பத்து நிமிடம் ஓடவிட்டுவிட்டு ரோச் அடித்துப் பார்த்தோம். காய்ந்திருக்கிறது.

குகதாசனுக்குச் சத்தத்தைப் போனில் கேட்கவைத்தேன். "என்ர பம்மல்லோ!" என்றான்.

24 பெப்ரவரி, சனி

ஒயில் கோட்டில் நிற்கிறது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நேற்று எடுத்த ஸ்கானின் முடிவை டொக்டர் போனில் சொன்னார். சதைதான், வேறொன்றும் இல்லை. மணம் இன்னும் வரவில்லை. மூச்சு மட்டும் மூக்கால் போகிறது. நான் சத்தமில்லாமல் தூங்கியதால் பயந்து எழும்பிப் பார்த்ததாகத் தயா சொன்னாள்.

25 பெப்ரவரி, ஞாயிறு

வேலணையில் தயாவின் சிநேகிதி வீட்டுக்குப் புறப்பட்டோம். கார் ஒரு தடவையிலேயே பிடித்தது. ரவுணைத் தாண்டிப் பண்ணைப் பாலத்து வீதிக்கு வந்தோம். இரண்டு பக்கமும் கடல் வற்றிச் சேறு தெரிந்தது. தயா மூக்கைச் சேலையால் பொத்தினாள்.

"கண்ணாடியை ஏத்துங்கோ. குடலைப் பிரட்டுது."

ஏற்றக் கைப்பிடியைத் தொட்டேன். ஏற்றவில்லை. காரை வீதியோரம் நிறுத்தினேன்.

"என்ன? திரும்பவும் பம்மோ?"

"இல்லை."

"பின்ன ஏன் நிப்பாட்டினீங்கள், இந்த நாத்தத்துக்குள்ள?"

"நாறுது," என்றேன்.

அவள் சேலையை மூக்கிலிருந்து எடுத்தாள். "என்ன நாறுது? சொல்லுங்கோ பாப்பம்."

கண்ணை மூடிக்கொண்டேன். அது மெல்லியதாக, தூரத்தில் யாரோ பேசுவது போல வந்தது. முதலில் சாதாளை, கரையொதுங்கி அழுகிய கடற்புல். அதற்கடியில் சேறு. இன்னும் ஏதோ ஒன்று, எங்கேயோ காயப்போட்ட கருவாடு. ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தயா, "ஓம்… ஓம்… ஓம்," என்றாள். பிறகு தன் பக்கத்துக் கண்ணாடியையும் அடிவரை இறக்கிவிட்டாள்.

பின்னால் வந்த பஸ் எங்களைத் தாண்டும்போது வேகம் குறைத்தது. கொண்டக்டர் பெடியன் கதவில் தொங்கிக்கொண்டு கேட்டான்:

"ஐயா, கார் நிண்டுட்டுதோ? தள்ளி விடவோ?"

"கார் நல்லாத்தான் தம்பி இருக்கு," என்று தயா கத்தினாள். "நாங்கள் காத்து வாங்குறம். நீர் போம்!"